பழைய நெம்புகோல் எஸ்பிரெஸோ இயந்திரத்தை வாங்கலாமா, வீட்டிலேயே சீரமைக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. மிலானில் ஒரு வீட்டைக் காலி செய்பவரிடம் 1970களைச் சேர்ந்த லா பவோனி யூரோபிக்கோலா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 180 யூரோ சொல்கிறார். குரோமியப் பூச்சு இரண்டு இடங்களில் உரிந்திருக்கிறது. நெம்புகோலை உயர்த்தினால், தூள் கிண்ணத்தைத் தாங்கும் கைப்பிடி மாட்டும் இடத்தின் விளிம்பில் தண்ணீர் வழிகிறது. மின் இணைப்புக் கொடுத்தால் விளக்கு எரிகிறது. அதற்கு மேல் விற்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இதை வாங்கலாமா, வாங்கினால் பட்டறைப் பழக்கம் இல்லாத ஒருவர் வீட்டிலேயே சரிசெய்து பயன்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம், வீட்டிலேயே சரிசெய்யவும் முடியும். ஆனால் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் குறைகளைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாமே தவிர, வாங்குவதா வேண்டாமா என்பதை அவற்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. இந்த இயந்திரத்தில் தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட உறுப்புகள் உண்டு. தேயவே கூடாத உறுப்புகளும் உண்டு. முதல் வகையில் எது கெட்டிருந்தாலும் கவலை வேண்டாம். இரண்டாவது வகையில் ஒன்று கெட்டிருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். நான் இத்தாலியின் தூரினில் பதினொரு ஆண்டுகளாக வசிக்கிறேன். இதுவரை ஏழு பழைய நெம்புகோல் இயந்திரங்களைப் பிரித்து மீண்டும் பூட்டியிருக்கிறேன். அவற்றில் பணம் வீணான இரண்டும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அவசரத்தில் வாங்கியவை.

எது எந்த வகை என்று புரிய, இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அழுத்தத்தைக் கொண்டு காபி இறக்கும் எண்ணம் பழையது. தூரினைச் சேர்ந்த ஆஞ்செலோ மோரியொந்தோ 1884இல் காப்புரிமை பெற்றார். மிலானின் லூயிஜி பெத்சேரா 1901இல் பெற்ற காப்புரிமையை விலைக்கு வாங்கிய தெசிதேரியோ பவோனி, 1905இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் கால இயந்திரங்கள் கொதிகலனின் ஆவி அழுத்தத்தை மட்டுமே நம்பியவை. அழுத்தத்தைக் கூட்ட வேண்டுமானால் நீரின் சூட்டையும் கூட்டியாக வேண்டும். சூடு கூடினால் தூள் கருகிய வாடை வரும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் அக்கில்லே கஜ்ஜா. 1940களின் பிற்பகுதியில் அவர் கொண்டுவந்த அமைப்பில், கொதிகலன் நீரைச் சூடாக்குவதோடு நிற்கும். நீரைத் தூளுக்குள் செலுத்துவதை நெம்புகோலால் இயங்கும் பிஸ்டன் பார்த்துக்கொள்ளும். ஆவியால் எட்ட முடியாத எட்டு, ஒன்பது பார் அழுத்தம் அப்போதுதான் சாத்தியமாயிற்று. காபியின் மேல் பொன்னிற நுரை படிந்ததும் அதற்குப் பிறகுதான்.

கஜ்ஜாவின் கடை இயந்திரங்களில் சுருள்வில் உண்டு. நெம்புகோலைக் கீழே இழுத்தால் வில் சுருங்கும். விட்டால் அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும். 1961இல் வந்த யூரோபிக்கோலாவில் வில் கிடையாது. நெம்புகோலை மேலே தூக்கினால் பிஸ்டன் உயர்ந்து, கொதிகலனின் நீர் அதன் அடியில் உள்ள அறைக்குள் வரும். கீழே அழுத்தினால் அந்த நீர் தூளின் வழியே இறங்கும். வில் செய்யும் வேலையை உங்கள் கை செய்கிறது.  அறையில் ஒன்பது பார் அழுத்தம் உண்டாக வேண்டுமானால் பிஸ்டனின் மேல் நூறு கிலோவுக்கும் அதிகமான விசை விழ வேண்டும். நெம்புகோலின் நீளம் அதை 15 முதல் 20 கிலோ அளவுக்குக் குறைத்துத் தருகிறது. ஒரு கையால் அழுத்தும்போது மறு கையால் இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், நெம்புகோலைத் தாங்கும் சிறு ஊசிகளும் பிஸ்டன் இருக்கும் தலைப்பகுதியைக் கொதிகலனோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளும் எவ்வளவு சுமக்கின்றன என்பது புரியும்.

இனி, தேய்வதற்கென்று வைக்கப்பட்டவை. பிஸ்டனைச் சுற்றியுள்ள இரண்டு ரப்பர் வளையங்கள், பிஸ்டன் தண்டின் மேல்முனை வாஷர், கைப்பிடி பொருந்தும் இடத்து வாஷர், நீர்மட்டக் கண்ணாடிக் குழாயின் இருமுனை வாஷர்கள், தலைப்பகுதிக்கும் கொதிகலனுக்கும் இடையிலுள்ள வாஷர், சூடேற்றும் காயிலின் அடி வாஷர், பாதுகாப்பு வால்வின் வில்லும் குண்டும். இத்தாலியர்கள் வாஷர்களை எல்லாம் சேர்த்து குவார்னிட்சியோனி என்பார்கள். தலைப்பகுதியை குருப்போ என்பார்கள். உதிரிபாகக் கடையில் இந்த இரண்டு சொற்களும் இயந்திரத்தின் காலமும் தெரிந்தால் போதும், முழுத் தொகுப்பாகவே எடுத்துத் தருவார்கள். இந்த மாதிரி இன்றும் தயாரிப்பில் இருப்பதால் உதிரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றை மட்டும் அளந்துகொண்டு போங்கள்: ஏறத்தாழ 2000ஆம் ஆண்டு வரை வந்தவற்றின் தூள் கிண்ணம் 49 மில்லிமீட்டர், பிறகு வந்தவை 51. இரண்டுக்கும் வாஷர்கள் வேறு. நீங்கள் சொல்லும் விளிம்புக் கசிவு கைப்பிடி வாஷர் இறுகிப்போனதன் விளைவாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அது சில யூரோ வேலை.

தேயக் கூடாதவை மூன்று: அடித்தட்டு, கொதிகலன், சூடேற்றும் காயில். காயிலைப் புதிதாக வாங்கிப் பொருத்தலாம்தான். ஆனால் அதன் விலையையும் சேர்த்தால் 180 யூரோ என்பது மலிவான பேரமாக இராது. இவை மூன்றையும் விற்பவர் வீட்டிலேயே கால் மணி நேரத்தில் சோதித்துவிட முடியும். வெட்கப்படாமல் சோதியுங்கள்.

அடித்தட்டு எஃகுத் தகட்டால் ஆனது. சொட்டுத்தட்டிலிருந்து வழியும் காபியும் கொதிகலனின் அடியிலிருந்து கசியும் நீரும் அதற்குள்தான் தேங்கும். மேலே பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இயந்திரத்தைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றிப் பாருங்கள். நான் முதன்முதலில் வாங்கிய இயந்திரம் தூரினின் பலோன் சந்தையில் சனிக்கிழமைக் காலையில் கிடைத்தது. சிவப்பு வண்ணம், கீறல் இல்லாத மரக் கைப்பிடி. வீட்டுக்கு வந்து கவிழ்த்து அடிமூடியைத் தொட்டபோது, துருப்பிடித்த தகடு வாட்டிய அப்பளம் போல விரலில் நொறுங்கியது. கொதிகலனைத் தாங்கும் வளையத்தைச் சுற்றி முக்கால் பங்கு இரும்பே இல்லை. 120 டிகிரிச் சூட்டில் இருக்கும் நீரைச் சுமந்துகொண்டு, ஒரு மனிதர் 20 கிலோ எடையோடு அழுத்தும்போது ஆடாமல் நிற்க வேண்டிய பொருள் அது. மேற்பரப்புத் துருவைத் தேய்த்துப் போக்கிப் பூச்சடிக்கலாம். ஓட்டை விழுந்துவிட்டால் அந்த இயந்திரத்தை உதிரிகளுக்காக மட்டுமே வாங்கலாம்.

கொதிகலனுக்கு ஒரு டார்ச் விளக்குப் போதும். மேல்மூடியைத் திருகி எடுத்து உள்ளே ஒளியடித்துப் பாருங்கள். இளமஞ்சளாகவோ வெள்ளையாகவோ படிந்திருப்பது உப்பு, அதைக் கரைத்துவிடலாம். பித்தளை ஆங்காங்கே ரோஜா நிறமாக மாறியிருந்தால் கவனிக்க வேண்டும்: அங்கே துத்தநாகம் கரைந்து வெறும் செம்பு எஞ்சி, உலோகம் வலுவிழந்திருக்கிறது என்று பொருள். யாரோ கடுமையான அமிலத்தில் நெடுநேரம் ஊறவைத்ததால் பெரும்பாலும் இப்படி ஆகும். பற்றவைப்பு ஓரங்களில் பச்சைப் பொருக்கு நீளவாக்கில் ஓடியிருந்தால் அங்கே மயிரிழை வெடிப்பு இருக்கக்கூடும், அதை விட்டுவிடுங்கள். கொதிகலனை வீட்டில் பற்றவைக்க முயல்வது அறவே கூடாது.

காயிலுக்கு மல்டிமீட்டர் வேண்டும். இணைப்பைப் பிடுங்கிவிட்டு, காயிலின் இரு முனைகளுக்கு இடையே மின்தடையை அளங்கள். 230 வோல்ட்டில் இயங்கும் 1000 வாட் காயில் என்றால் 53 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஆரம்ப கால யூரோபிக்கோலாக்களில் நீரைக் கொதிக்கவைக்க ஒன்றும் சூட்டைத் தக்கவைக்க ஒன்றுமாக இரண்டு அளவுகள் இருப்பதால், இரண்டு சுவிட்சு நிலைகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். அடுத்து, காயிலின் முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே அளங்கள். முள் அசையவே கூடாது. விளக்கு எரிகிறது என்று அவர் சொல்வது சுவிட்சு வரை மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சான்று. நெடுங்காலம் ஈரமான நிலவறையில் கிடந்த காயில், உள்ளிருக்கும் காப்புத்தூள் ஈரத்தை உறிஞ்சியதால் கசிவு காட்டக்கூடும். அப்படியானால் கழற்றி, 110 டிகிரி அளவில் ஓவனில் சில மணி நேரம் உலர்த்தி மீண்டும் அளந்தால் பல நேரங்களில் சரியாகிவிடும். தேறாவிட்டால் மாற்றியே ஆக வேண்டும்.

அடியில் உள்ள விவரத் தகட்டில் வோல்ட் அளவைப் படிக்க மறக்காதீர்கள். இத்தாலியின் பல ஊர்களில் ஒரு காலத்தில் 125 வோல்ட், 160 வோல்ட் விநியோகங்களும் இருந்தன. அமெரிக்காவுக்கென்று தயாரித்தவையும் சந்தையில் சுற்றுகின்றன. 120 வோல்ட், 1000 வாட் காயிலை 230 வோல்ட்டில் செருகினால் அது இழுக்கும் திறன் 3,600 வாட்டைத் தாண்டும். சில நொடிகளில் காயில் போய்விடும், வேறு எதுவும் போகாமல் இருந்தால் நல்லது.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சீரமைத்தது என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு இயந்திரத்தை நான் வாங்கினேன். வெளிப்புறம் கண்ணாடி போலத் தேய்த்து மெருகிட்டிருந்தார்கள். ஈரக் கையால் தொட்டபோது முழங்கை வரை சுருக்கென்றது. உள்ளே திறந்து பார்த்தால், இரண்டு முள் பிளக், எர்த் கம்பியே இல்லை, பழைய துணிச்சுற்றுக் கம்பி ஒன்று தோலுரிந்து அடித்தட்டில் உரசிக்கொண்டிருந்தது. அதனால் என் வழக்கம் இது: எந்த நிலையில் வந்தாலும் கம்பிகள் அனைத்தையும் மாற்றிவிடுவேன். சூடு தாங்கும் சிலிக்கான் உறையிட்ட கம்பி, மூன்று முள் பிளக், அடித்தட்டின் உலோகத்தோடு வண்ணத்தைச் சுரண்டிவிட்டு இறுக்கிய எர்த் இணைப்பு, வீட்டுப் பலகையில் 30 மில்லிஆம்பியர் கசிவுத் துண்டிப்பான். இந்த நான்கும் இல்லாமல் என் சமையலறையில் பழைய இயந்திரம் எதுவும் மின்சாரம் காண்பதில்லை. இந்த வேலை பழக்கமில்லை என்றால் இதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

கம்பிகளைச் சுற்றியோ கொதிகலனுக்கும் உறைக்கும் இடையிலோ சாம்பல்நிற நார்த்துணியோ அட்டையோ கண்டால் கை வைக்க வேண்டாம். இத்தாலி ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது 1992இல்தான். அதற்கு முந்தைய சூடேறும் கருவிகளில் அது இருக்கலாம். சுரண்டுவது, ஊதுவது, உலர்ந்த துணியால் துடைப்பது மூன்றுமே ஆபத்து. ஐயம் இருந்தால் அந்த இயந்திரத்தை விட்டுவிடுவதே நல்லது. இந்த மாதிரியில் வேறு இயந்திரங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன.

இந்தச் சோதனைகளில் தேறினால் 180 யூரோவுக்குள் பேசி வாங்குங்கள். உரிந்த குரோமியத்துக்காகத் தயங்க வேண்டாம். வெளிப்புறத்தில் உரிந்திருப்பது தோற்றக் குறை மட்டுமே. நீரும் காபியும் தொடும் இடத்தில், அதாவது தூள் கிண்ணம் உட்காரும் கைப்பிடியின் உட்புறத்தில், செதில் செதிலாக உரிந்தால் அந்த உறுப்பை மாற்றுங்கள். முலாம் பூசும் பட்டறைக்கு முழு உடலையும் அனுப்பிப் புதிதாக்குபவர்கள் உண்டு, நான் அனுப்புவதில்லை. ஐம்பது ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் சமையலறையில் நின்ற பொருளின் கைபட்ட இடம் மங்கியிருப்பது எனக்கு அழகாகவே தெரிகிறது. முலாமுக்கு முன் உலோகத்தைத் தேய்ப்பதில் மரைகளும் பொருந்து முகங்களும் கெட்டுப்போவதையும் பார்த்திருக்கிறேன்.

பிரிக்கும் வேலையைச் சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். இரவு எட்டு மணிக்குத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு உறுப்பையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். வெள்ளைத் துணியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்குங்கள். எஃகு போல்ட் பித்தளை மரைக்குள் பல ஆண்டுகள் இருந்தால் இரண்டும் ஒட்டிப்போயிருக்கும். துரு நெகிழ்த்தும் எண்ணெயை முந்தைய இரவே விட்டுவைத்து, காலையில் ஹேர் டிரையரால் சுற்றுப்புறப் பித்தளையைச் சூடாக்கி, ஆலன் சாவியை முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு திருப்பி, பிறகு கழற்றும் திசைக்குக் கொண்டுவாருங்கள். நகரவில்லை என்றால் மீண்டும் எண்ணெய், மீண்டும் சூடு. பித்தளை மென்மையானது, பலத்தைக் காட்டினால் தோற்பது மரைதான், அது போனால் திரும்பாது.

தலைப்பகுதி கையில் வந்ததும் நெம்புகோலின் ஊசிகளைப் பூட்டியிருக்கும் சிறு வளையங்களை எடுங்கள். ஊசிகளை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். பிறகு கீழே உள்ள சல்லடைத் தட்டை எடுத்துவிட்டு பிஸ்டனைக் கீழ்நோக்கித் தள்ளினால், அது கரகரவென்ற சத்தத்தோடு வெளியே வரும். அப்போது அந்தப் பழைய வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். புதிய வளையம் காதுமடலைப் போல வளையும்; இது பழைய டயர்த் துண்டைப் போலக் கிடக்கும், விளிம்பில் வெடிப்புகள் ஓடியிருக்கும், அதன் பள்ளத்தில் காபி எண்ணெய் கறுத்துத் தாரைப் போல ஒட்டியிருக்கும். அதை எடுக்க ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்தாதீர்கள். பிஸ்டன் பள்ளத்தில் விழும் ஒரு கீறல், புதிய வளையத்தையும் முதல் நாளிலிருந்தே கசியவைக்கும். பல்குத்தும் மரக்குச்சியும் வெந்நீரும் பொறுமையும் போதும்.

புதிய வளையத்தின் குறுக்குவெட்டில் ஒரு பக்கம் வாய் திறந்திருப்பதைக் காண்பீர்கள். அந்த வாய், அழுத்தம் எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையைப் பார்க்க வேண்டும். அழுத்தம் உள்ளே புகுந்து விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். காபித் தூளை நோக்கியுள்ள கீழ் வளையத்தின் வாய் கீழ்நோக்கி இருக்கும். மற்றதற்கு, பிரிக்கும் முன் எடுத்த படத்தைப் பாருங்கள். வளையத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் பிஸ்டனின் மேல் எளிதாக ஏறும். பூசுவதற்கு உணவுத் தரச் சிலிக்கான் கிரீஸ் மட்டுமே. மோலிகோட் 111 இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. தேங்காய் எண்ணெய், வாஸ்லின் போன்றவை சூட்டில் கெட்டு ரப்பரையும் கெடுக்கும். விரல்நுனியில் எடுத்துத் தடவினால் உலோகம் மினுக்கும் அளவே வேண்டும். கட்டியாக அப்பினால் அது காபியில்தான் போய்ச் சேரும்.

உப்பைக் கரைக்க எலுமிச்சை உப்பே (சிட்ரிக் அமிலம்) சிறந்தது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 30 கிராம். கொதிகலனை நிரப்பி அரை மணி நேரம் வைத்துக் கொட்டுங்கள். நுரை இன்னும் எழுந்தால் புதிய கரைசலை ஊற்றுங்கள். ஒரே கரைசலில் இரவு முழுவதும் விடுவதால்தான் முன்னே சொன்ன ரோஜா நிறம் வருகிறது. உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டாம். பழைய பித்தளையில் சிறு அளவில் ஈயம் உண்டு. அமிலம் பட்ட புதிய பரப்பிலிருந்து அது நீரில் இறங்கும். அதனால் சுத்தம் செய்தபின் ஐந்தாறு முறை நிரப்பிக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டே குடிக்கத் தொடங்குங்கள். காலையில் இயந்திரத்தில் இரவெல்லாம் நின்ற நீரைப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு வால்வைப் பிரித்துச் சுத்தம் செய்து, வில்லையும் குண்டையும் மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் கூடாது. மூடிய கொதிகலனில் வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் நீர் 120 டிகிரியில் இருக்கும். 0.8 லிட்டர் கொள்ளளவுள்ள கொதிகலன் அந்த நிலையில் சட்டென்று திறந்துகொண்டால், நீரின் ஒரு சிறு பங்கு உடனே ஆவியாகி 40 லிட்டருக்கு மேல் விரியும்; மிச்ச நீர் கொதிநிலையில் முகத்தில் தெறிக்கும். மேல்மூடியை அழுத்தம் இருக்கும்போது திறக்கக் கூடாது என்பதும், நெம்புகோலில் கனம் தெரியும்போது கைப்பிடியைக் கழற்றக் கூடாது என்பதும், நீர்மட்டம் கண்ணாடியின் அடிக்கு வரும் முன் அணைத்துவிட வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலிருந்து வருபவை. பழைய மாதிரிகளில் நீர் வற்றினால் தானாக அணையும் வசதி இல்லாதவை பல. காயில்கள் எரிந்துபோவதற்கு முதன்மையான காரணம் அதுதான்.

வில் உள்ள இயந்திரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஃபேமினா, எலெக்ட்ரா மிக்ரோ காசா போன்றவற்றை நாளை நீங்கள் பார்க்க நேரலாம்; அழகானவை. அவற்றின் தலைக்குள் சுருங்கியிருக்கும் வில், பெரும் விசையோடு காத்திருக்கிறது. அதைப் பிடித்துவைத்து மெல்ல விரிக்கும் தாங்கி இல்லாமல் பிரிக்கக் கூடாது. தூள் இல்லாத கிண்ணத்தை மாட்டி நெம்புகோலை இழுத்து விட்டால், தடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அது தாடையை நோக்கிப் பாயும். முதல் சீரமைப்புக்கு வில் இல்லாத யூரோபிக்கோலாவையோ, 1967இல் வந்த சுவிஸ் தயாரிப்பான கிரெமினாவையோ எடுப்பதே சரி. கிரெமினா உறுதியில் ஒரு படி மேல். விலையில் பல படி மேல்.

இயந்திரம் பூட்டப்பட்டபின் நல்ல காபி வருமா என்பது வேறு விஷயம். யூரோபிக்கோலாவின் உண்மையான குறை கசிவு அல்ல, சூடு. தலைப்பகுதி நேரடியாகக் கொதிகலனில் ஒட்டியிருப்பதால் முதல் கோப்பைக்குச் சற்றுக் குளிர்ந்தும், இரண்டாவதற்குச் சரியாகவும், நான்காவதற்குக் கருகும் அளவுக்கும் இருக்கும். சூடாகத் தொடங்கியதும் ஆவிக் குழாயை ஒரு முறை திறந்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் ஏறியதாகக் காட்டும், நீர் சூடாகியிருக்காது. பிறகு 14 கிராம் தூள், நெம்புகோல் மேலே, முதல் துளி தெரியும் வரை எட்டுப் பத்து நொடி பொறுத்தல், பின்பு சீரான அழுத்தம். 30 நொடிக்குள் 28 கிராம் அளவில் இறங்கினால் அரைப்பு சரி. மூன்று கோப்பைக்கு மேல் ஒரே தொடரில் இறக்காதீர்கள். இறக்கியே ஆக வேண்டுமானால், கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் தலைப்பகுதியைச் சுற்றி அரை நிமிடம் வையுங்கள். அரைக்கும் இயந்திரம் நன்றாக இல்லாவிட்டால் இவை எதுவும் பயன் தராது. சிக்கரி கலந்த நம் ஊர் ஃபில்டர் தூளை இதில் போட வேண்டாம். அது வடிகட்டியில் மெல்ல இறங்குவதற்கென்று அமைந்தது. கொட்டையை நம் ஊரிலிருந்து வாங்கலாம், அதில் தடையில்லை. இத்தாலிய வறுப்பாளர்கள் தங்கள் எஸ்பிரெஸோக் கலவையின் கனத்துக்கும் நுரைக்கும் இந்திய ரோபஸ்டாவையும் நெடுங்காலமாகச் சேர்க்கிறார்கள்.

பின்னால் ஊருக்குத் திரும்பும்போது எடுத்துச் செல்லும் எண்ணம் இருந்தால், 220–230 வோல்ட் மாதிரி தமிழ்நாட்டில் அப்படியே இயங்கும். பிளக்கை மட்டும் எர்த் உள்ள மூன்று முள் பிளக்காக மாற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றாதீர்கள், சில வாரங்களில் காயிலைச் சுண்ணாம்பு மூடிவிடும். உபரி வாஷர் தொகுப்பு இரண்டை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள்.

முதன்முறை சூடாக்குவதைச் சமையலறையில் செய்ய வேண்டாம். பால்கனியில் வைத்து, அடியில் செய்தித்தாளை விரித்து, இரண்டு அடி தள்ளி நின்று பாருங்கள். பாதுகாப்பு வால்வு சீறத் தொடங்கியதும் குறைந்த சூட்டுக்கு மாற்றுங்கள். சீறவே இல்லை என்றால் உடனே அணைத்து, முழுதும் ஆறியபின் வால்வை மறுபடி பிரித்துப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் நெம்புகோலை இரண்டு மூன்று முறை வெறும் நீரோடு இயக்கிவிட்டு, இயந்திரத்தை அதே தாளின் மேல் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் தாளில் ஈரம் இருந்தால் அது எந்த இணைப்புக்கு நேர் கீழே இருக்கிறது என்று பாருங்கள். ஈரம் காய்ந்து வெள்ளை வளையம் மட்டும் தெரிந்தாலும் அது கசிவுதான். அந்த இணைப்பின் எதிரெதிர்த் திருகுகளை மாறி மாறிக் கால் சுற்று இறுக்கிவிட்டு, புதிய தாளை விரித்து மறுபடியும் சூடாக்குங்கள்.